சுவரில் இல்லாத நத்தை

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் ஓடும் கூண்டுச் சுவரில் காற்றுக்காக ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். அகலம் ஒரு சாண், உயரம் ஓர் ஆள். அதில் கம்பி வலை. அந்த வலை வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் பின்சுவர் தெரியும். அங்கே ஒரு குழாய் வருடக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க ஆள் வரவில்லை, பாசி வந்துவிட்டது. குழாயடியில் குட்டிக் குட்டிப் பெரணிச் செடிகள், நடுவில் வெளிர்மஞ்சள் திட்டுகள், கீழே போகப் போகக் கறுப்பில் முடிகிற பச்சை. லிஃப்ட் ஏறும்போது மூன்று விநாடி தெரியும், இறங்கும்போது மூன்று விநாடி.

அந்த மூன்று விநாடியில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மூக்கைச் சொறிவார்கள், பக்கத்தில் நிற்பவரின் செருப்பைப் பார்ப்பார்கள். சுவரை யாரும் பார்த்ததில்லை. லிஃப்டக்கா பார்த்தாள். பத்தொன்பது வருடம் பார்த்தாள்.

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். தொழிற்சாலையை மூடியபோது இருபத்தைந்து வயது. இந்த ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடியைத் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும், இரும்பு மடக்குக் கதவைக் கையால்தான் இழுத்துச் சாத்த வேண்டும் என்கிற பழைய லிஃப்ட். "அடுத்த வருஷம் புது லிஃப்ட்" என்று கட்டடத்துக்காரர் சொல்லாத வருடம் கிடையாது. அந்த அடுத்த வருடத்தின் புண்ணியத்தில் அவள் வேலை ஓடிக்கொண்டிருந்தது. சீருடையாக வருடத்துக்கு இரண்டு பழுப்பு நிற மேற்கோட்டு கொடுப்பார்கள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டுதான். சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தரைத்தளத்துக் காவலாளி முதல் ஆறாவது மாடி வக்கீல் வரை எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா.

ஆள் வராத நேரத்தில் முக்காலியில் உட்கார்ந்து கிராஸ் ஸ்டிச் போடுவாள். பெருக்கல் குறி போல ஒரு குறுக்கு, அதன்மேல் எதிர்க்குறுக்கு. துணியின் இழைகளை எண்ணி, இரண்டு இழைக்கு ஒரு குறி. மணி அடித்தால் அந்தக் குறியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "ஒரு நிமிஷம் சார், ஒரு கால்தான் போட்டிருக்கேன், இன்னொரு கால் போட்டுட்டு வர்றேன்" என்று அவள் கீழிருந்து குரல் கொடுப்பதும், "நாங்க ரெண்டு காலும் கடுக்க நிக்கிறோம் லிஃப்டக்கா" என்று மேலிருந்து பதில் வருவதும் அந்தக் கட்டடத்தில் வழக்கமான பேச்சு.

தெருமுனையில் சாயக்காவின் நூல்கடை இருந்தது. நூலுக்குத் தானே சாயம் போடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். கடையின் பின்னறையில் ஏழெட்டு அலுமினியக் குண்டான்கள். சாயக்காவின் விரல் நகம் பத்தும் பத்து நிறம். ஒரே இழையில் கரும்பச்சை தொடங்கி, இலைப்பச்சையாகி, மஞ்சளாகி, மறுபடி கறுத்துப்போகிற நூலை அவளைப்போலச் சாயம் போட ஆள் கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை அநியாயமாகிவிடும். சாயக்கா கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளுக்குப் போதவில்லை என்பதுதான் விவகாரம்.

பதினொரு வருடச் சிநேகம். வேலை முடிந்ததும் லிஃப்டக்கா நேராக நூல்கடைக்குப் போவாள். சாயக்கா தேநீர் போடுவாள். இருவரும் அன்றைக்குத் தைத்ததைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். தையல்காரிகளுக்குள் அது பெரிய உரிமை. முன்பக்கத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். முடிச்சும் பிசிறும் தெரிகிற பின்பக்கத்தை நம்புகிறவளுக்குத்தான் காட்ட முடியும்.

நிறம் மாறும் நூலில் தைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே நிற நூல் என்றால் வரிசை முழுக்க அரைக்குறுக்காகப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது எதிர்க்குறுக்கைப் போட்டு முடிக்கலாம். வேலை சுருக்கம். நிறம் மாறும் நூலில் அப்படிச் செய்தால் அடியில் பச்சை, மேலே மஞ்சள் என்று குழம்பிப்போகும். ஒவ்வொரு குறியையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு நகர வேண்டும். மெதுவான வேலை. ஆனால் நூல் தன் போக்கில் நிறம் மாறிக்கொண்டே போவது துணியில் அப்படியே இறங்கும். மணி அடித்தால் ஒரு குறியோடு நிறுத்த வேண்டியிருந்த லிஃப்டக்காவுக்கு வேறு முறையே தெரியாது.

அந்த நூலைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குச் சுவர் ஞாபகம் வந்தது.

"சாயக்கா, அந்தப் பாசிச் சுவத்த இதுல தைக்கலாம்."

"எந்தச் சுவரு?"

"லிஃப்டுல தெரியும்ல, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

"நானும் உன் லிஃப்டுல நூறு தடவ வந்திருப்பேன். எனக்கு ஒரு சுவரும் தெரியலையே."

"நீ பேசிக்கிட்டே வருவ. எப்படித் தெரியும்?"

சாயக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுவாரம் வந்து, வாயை மூடிக்கொண்டு, ஆறு முறை ஏறி இறங்கிப் பார்த்தாள். அப்புறம் ஐந்து வகைப் பச்சைக்குச் சாயம் போட்டுக் கொடுத்தாள்.

லிஃப்டக்கா பதினான்கு மாதம் தைத்தாள். திறப்பின் அகலத்திலேயே அமைத்த படம்: அகலம் ஒரு சாண், நீளம் ஒரு முழத்துக்கும் மேல். முதலில் கீழிருந்து கரும்பாசி. இடது ஓரத்திலிருந்து நாற்பது இழை எண்ணிவிட்டுத் தொடங்கி, மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாதியில் ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போனது. லிஃப்ட் சரியாக அந்தத் திறப்புக்கு எதிரே நின்றது. உள்ளே அவள் மட்டும். நாற்பது நிமிடம். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகச் சுவரை ஆற அமரப் பார்க்கக் கிடைத்த நேரம் அது. மேலே இருந்த பெரணிகள் அப்போதுதான் முழுசாகப் பிடிபட்டன. கை சும்மா இருக்குமா? வலை வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் இழைகளை எண்ணி, துணியின் மேற்பக்கத்திலிருந்து பெரணியைத் தொடங்கிவிட்டாள்.

எண்ணியது நாற்பத்தொன்று. ஓர் இழை கூடிப்போயிற்று.

ஐந்து மாதம் கழித்து, மேலிருந்து இறங்கிய பெரணியும் கீழிருந்து ஏறிய பாசியும் நடுவில் சந்தித்தபோதுதான் தெரிந்தது: இரண்டும் பொருந்தவில்லை. ஓர் இழை, அதாவது அரைக் குறி, விலகி நிற்கிறது. அன்று மாலை கடையில் துணியை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் வாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரிச்சுடு" என்றாள் சாயக்கா.

"பிரிச்சா அந்த நூல் பிசிறிப்போகும். புதுசா ஒரு நூல் சிட்டம் எடுத்தா மஞ்சள் இதே எடத்துல வருமா? நீயே நெனச்சாலும் வராது."

"வராதுதான். அப்ப என்ன செய்யப் போற?"

லிஃப்டக்கா கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தாள். பிறகு தன் மேற்கோட்டின் கீழ்மடிப்பிலிருந்து ஒரு பழுப்பு நூலை உருவினாள். பொருந்தாத இடத்தின்மேல், எங்கே இரண்டு இழை, எங்கே மூன்று இழை என்று பார்த்துப் பார்த்து இழுத்துப்பிடித்து, ஒரு நத்தையைத் தைத்தாள். கடுகளவுக் கொம்பு இரண்டு, சுருண்ட ஓடு ஒன்று.

"சுவத்துல நத்தை இருக்காடி?"

"நத்தை இல்ல. என் தப்புதான் இருக்கு. அதுமேல இது உக்காந்துக்கட்டும்."

சாயக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பினூடேதான் ஏற்பாடும் பேசினார்கள். படத்தைக் கட்டம் போட்ட தாளில் இறக்கி, துணி, நூல், ஊசியோடு பெட்டியாகப் போட்டு விற்கலாம். ஒரு காகிதத்தில் சாயக்காவே எழுதிக் காட்டினாள்: சாயம்: சாயக்கா. வடிவம்: லிஃப்டக்கா.

"ரெண்டு அக்கா பேரும் சேர்ந்தா எப்படி இருக்கு பாரு. அச்சடிச்சா பிரமாதமா இருக்கும்."

லிஃப்டக்கா அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தொழிற்சாலையில் லட்சம் காஜா எடுத்திருப்பாள். ஒரு சட்டையாவது அவள் எடுத்தது என்று சொன்னதில்லை. லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள் அவளால் ஏறினார்கள் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. இந்த ஒரு சாண் துணி மட்டும் இன்னார் செய்தது என்று இருக்கும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதிலும் பாதி இடம்தான் கேட்டாள். பாதி சாயக்காவுக்கு உரியது என்று அவளே நினைத்தாள்.

துணியைச் சாயக்கா கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தாள். இரண்டு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. கேட்டபோதெல்லாம், "சட்டக்காரன் இழுத்தடிக்கிறான்டி" என்றாள் சாயக்கா.

பிறகு ஒருநாள் காலை, மூன்றாவது மாடிப் பல்டாக்டர் அம்மா கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் ஏறினாள்.

"லிஃப்டக்கா, நீங்க இதெல்லாம் தைப்பீங்கல்ல? கொஞ்சம் பாருங்க. தலையப் பிச்சுக்கிறேன். நத்தைக்குத் தலை ஒரு பக்கம் போகுது, உடம்பு ஒரு பக்கம் போகுது."

பெட்டியின்மேல் அவளுடைய சுவர். அவளுடைய பெரணி. அவளுடைய மேற்கோட்டு நூலில் பிறந்த நத்தை. அடியில் அச்செழுத்தில்: சாயமும் வடிவமும்: சாயக்கா.

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது. மூன்று விநாடி வெளியே அந்தச் சுவர் தெரிந்தது. லிஃப்டக்கா அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. முதல்முறையாக லிஃப்ட், நிற்க வேண்டிய மூன்றாவது மாடியைத் தாண்டி நாலாவதில் போய் நின்றது.

"உள்ள ஒரு தாள் இருக்கு, எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க தெரியுமா?" என்று டாக்டரம்மா படித்தாள். "'ஒரு விடியற்காலையில் இந்த வடிவம் என் கனவில் வந்தது. கண்விழித்ததும் வரைந்துவிட்டேன். நடுவில் இருக்கும் நத்தை, பொறுமையாக இரு என்று இயற்கை எனக்குச் சொன்ன செய்தி.'"

கனவு! ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றால் அதைக் கனவில் வைக்க வேண்டும். கனவுக்குச் சாட்சி கிடையாது, தேதி கிடையாது, எண்ணிக்கை கிடையாது. பதினான்கு மாதம் இழை எண்ணியவளின் உழைப்பை ஒரே ராத்திரியில் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் இருக்க அதைவிட வசதியான இடம் வேறில்லை. கேட்கிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டு பரவசப்படுவார்கள். உழைத்தேன் என்றால் கொட்டாவி விடுகிற உலகம், கனவில் வந்தது என்றால் நிமிர்ந்து உட்காருகிறது. பறிகொடுத்தவர்கள் எழுந்து நின்று கணக்கு சொல்லாதவரை இந்த மோசடி நடந்துகொண்டேதான் இருக்கும்.

லிஃப்டக்கா பெட்டியில் இருந்த கட்டம் போட்ட தாள்கள் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். மேல்பாதிக்கு ஒரு தாள், கீழ்பாதிக்கு ஒரு தாள். ஒன்றில், இடது ஓரத்திலிருந்து நாற்பத்தொரு இழை விட்டுத் தொடங்கவும். மற்றதில், நாற்பது இழை. அவளுடைய தப்பைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள்.

அன்று மாலை அவள் கடைக்குப் போனபோது சாயக்கா தேநீர் போட எழுந்தாள்.

"தேநீர் வேணாம். அட்டைல என் பேரு எங்க?"

சாயக்கா ஒரு கணம் குண்டானைக் கிளறினாள். "அது வந்து... அட்டைல ரெண்டு பேரு போட எடம் பத்தலடி."

"கனவுக்கு மட்டும் எட்டு வரி எடம் இருந்துச்சா?"

"எதுக்கு இப்படிக் குத்தலாப் பேசுற? நீயே யோசிச்சுப் பாரு. லிஃப்டக்கான்னு போட்டா வாங்குறவங்க என்ன நெனைப்பாங்க? லிஃப்ட் ஓட்டுறவ போட்ட படத்தக் கூடத்துல மாட்டுவாங்களா? வியாபாரம்னா நாலையும் பாக்கணும்."

"நீ குண்டான் கிண்டுறவதான?"

"நான் கடை வெச்சிருக்கேன்" என்றாள் சாயக்கா. மெதுவாகத்தான் சொன்னாள். பதினொரு வருடமாக அந்த அறையில் சமமாக இருந்த இரண்டு முக்காலிகளில் ஒன்று அந்தச் சொல்லில் தாழ்ந்துவிட்டது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். துணி வெளுக்கும் நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். கையும் சூடு, வாயும் சூடு. அவளே, "விடுங்க அண்ணி. தலையெழுத்து" என்றாள்.

"என்ன தலையெழுத்து? இது அச்செழுத்து. யாரு அடிச்சாங்கன்னு தெரியும், எந்த அச்சகம்னு தெரியும். தெரியாததுக்கு வேணா தலையெழுத்துன்னு சொல்லு."

தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கணவர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எழுதி வாங்கியிருக்கணும்" என்றார்.

"உங்ககிட்டகூட நான் ஒண்ணும் எழுதி வாங்கல."

அவர் கை கழுவ எழுந்து போனார்.

நத்தை சும்மா இருக்கவில்லை. பெட்டி வாங்கியவர்கள் எல்லோருமே பாதி வழி வந்து அதனிடம் மாட்டிக்கொண்டார்கள். கடையில் நாளுக்கு நாலு பேர் துணியும் கையுமாக நின்றார்கள். எண்ணித் தைத்தவளுக்குத்தான் அந்த முடிச்சு தெரியும். பார்த்து எழுதியவளுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது வாரம் சாயக்கா லிஃப்டில் ஏறினாள்.

"எந்த மாடி?" என்றாள் லிஃப்டக்கா.

"ஏதோ ஒண்ணு. உன்கிட்டதான் பேச வந்தேன்."

ஆறாவது மாடி வரை சாயக்கா விரல் நகத்துச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது பேசினாள். "தப்புப் பண்ணிட்டேன்டி. ஞாயித்துக்கெழம கடை மாடில எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். நீ வந்து அந்த நத்தையப் போட்டுக் காட்டு. அடுத்த அச்சுல உன் பேரு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், இது நீ போட்ட வடிவம்னு. என் கை மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் வேணாம். சொன்னதச் செய்."

"செய்றேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. லிஃப்டக்கா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? முதல்முறை ஏமாந்தது தப்பு என்றால், பதினொரு வருடமாகக் குடித்த தேநீர் அத்தனையும் தப்பாகிவிடுமே. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் கூட வந்தாள். கடை மாடியில் பாயும் நாற்காலியுமாக இருபது பெண்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது லிஃப்டக்காவின் துணி. ஒரு வருடத்துக்கு மேல் மடியில் கிடந்ததை அவள் முதல்முறையாகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள்.

சாயக்கா எழுந்து நின்றாள். கனவைச் சொன்னாள். விடியற்காலையைச் சொன்னாள். இந்தத் தடவை கனவில் தூறலும் சேர்ந்திருந்தது. பிறகு கையை நீட்டினாள். "இவங்க நம்ம கடைக்குத் தைச்சுக் குடுக்குறவங்க. என் வடிவத்த முதல்ல துணில போட்டதே இவங்கதான். கை சுத்தம். நத்தைய எப்படிப் போடுறதுன்னு இப்ப காட்டுவாங்க."

தைத்துக் கொடுக்கிறவள்.

எழுந்து போய்விடலாம் என்று லிஃப்டக்காவுக்குத் தோன்றியது. போனால் சாயக்கா சொன்னது உண்மையாகிவிடும். எழுந்தாள், வாசல் பக்கம் போகவில்லை, சுவர்ப்பக்கம் போனாள். சட்டத்தை இறக்கி, பின்பலகையின் ஆணிகளைக் கத்தரிக்கோல் நுனியால் நெம்பி, துணியை வெளியே எடுத்து மேசைமேல் போட்டாள். சாயக்கா "ஏய், ஏய்" என்பதற்குள் பழுப்பு நூலை ஊசியால் தூக்கி வெட்டி, நத்தையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள். முதலில் கொம்பு. அப்புறம் தலை. அப்புறம் ஓடு.

"கிட்ட வந்து பாருங்க" என்றாள். "மேல இருக்குறது ஓரத்துலேர்ந்து நாப்பத்தொரு இழைல தொடங்குது. கீழ இருக்குறது நாப்பதுல. நடுவுல அரைக் குறி ஒதுங்கி நிக்குது, தெரியுதா? இது இயற்கை சொன்ன செய்தி இல்ல. கரண்டு போயி, ரெண்டாவது மாடிக்கு மேல லிஃப்ட் நின்னப்ப, இருட்டுல நான் தப்பா எண்ணுனது. அத மூடத்தான் நத்தை. இந்தப் படம் யாரு கனவுலயும் வரல. என் லிஃப்டுக்கு எதுத்தாப்புல இருக்குற சுவரு இது. வேணும்னா நாளைக்கு வந்து பாருங்க."

சாயக்காதான் முதலில் சிரித்தாள். சிநேகிதியைச் செல்லமாகக் கண்டிக்கிற சிரிப்பு. "இவளுக்குக் கற்பனை ஜாஸ்தி. கூடவே இருந்து தைச்சதுல தானே போட்ட மாதிரி ஆயிடுச்சு. பாவம், நாள் முழுக்க ஒரு டப்பாக்குள்ள உக்காந்திருக்கா."

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் லிஃப்டக்கா தோற்றாள்.

நாத்தனார் பாயிலிருந்து எழுந்தாள். "ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம். உங்க கனவு மேல பாதிய நாப்பத்தொண்ணாவும், கீழ பாதிய நாப்பதாவும் எண்ணிக்கிட்டேவா வந்துச்சு? எண்ணத் தெரியாத கனவா இருக்கே!"

இப்போது வேறு சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி அலுத்துக்கொண்டாள். "யாரு போட்டா என்னங்க? அழகா இருக்குல்ல. எங்களுக்கு நத்தை வந்தாப் போதும்."

யார் போட்டால் என்ன! உலகத்தில் எத்தனையோ பேரை ஓசையில்லாமல் புதைத்த வாக்கியம் இது. இதைச் சொல்கிறவர்கள் தங்கள் சமையலை அடுத்த வீட்டுக்காரி சமைத்தது என்று யாராவது சொன்னால் தெருவைக் கூட்டிவிடுவார்கள். அடுத்தவள் பெயர் என்றால் மட்டும் அழகு போதும் என்பார்கள்.

லிஃப்டக்கா நத்தையை எப்படிப் போடுவது என்று காட்டினாள். வந்தவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை; பாதியில் மாட்டிக்கொண்டு நிற்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கால் இரண்டு இழை, எந்தக் கால் மூன்று இழை என்று ஒரு வேற்றுத் துணியில் போட்டுக் காட்டினாள். ஓரத்தில் நின்று சாயக்கா அதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்ததை அப்போது அவள் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது மேசையில் கிடந்த துணியை எடுத்தாள். சாயக்கா மறுமுனையைப் பிடித்தாள். வெளியே கேட்காத குரலில், "துணி என்னோடது. நூல் என்னோடது" என்றாள்.

அது உண்மைதான். லிஃப்டக்கா துணியை விட்டுவிட்டாள். மேசைமேல் சிதறிக் கிடந்த பழுப்பு நூல் துணுக்குகளை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கினாள்.

"இது என் கோட்டு நூல்."

படியிறங்கும்போது மேலிருந்து, "பதினோரு வருஷம்டி!" என்று சாயக்காவின் குரல் கேட்டது.

"அதனாலதான் போறேன் சாயக்கா" என்றாள் லிஃப்டக்கா. திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது அச்சு இரண்டு மாதத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்த பல்டாக்டர் அம்மா ஒன்று வாங்கிவந்து, முக்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். வடிவம்: சாயக்கா. கனவு அப்படியே இருந்தது, தூறலோடு. புதிதாக ஒரு துண்டுத் தாள்: நடுப்பகுதியை இணைக்கும் வழி, எது இரண்டு இழை, எது மூன்று இழை. தலைப்பு, 'சாயக்காவின் நத்தை முறை'.

லிஃப்டக்கா அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். காவலாளி எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றதும் பெட்டியை முக்காலிக்கு அடியில் தள்ளினாள். இப்போதும் தைக்கிறாள். தைத்ததைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறாள். அதைக் காட்ட ஆள்தான் இல்லை. மாலையில் தெருமுனை வந்தால் எதிர்ச்சாரிக்குக் கடந்துபோகிறாள்.

டாக்டரம்மா தன்னிடம் பல் காட்ட வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் எந்த வேலையும் இல்லாத பெண்கள் சிலர் லிஃப்டில் ஏறத் தொடங்கினார்கள். துண்டுத் தாளைப் படித்தும் புரியாதவர்கள். சாயக்கா குறித்துக்கொண்டதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. ஏறும்போது சந்தேகம் கேட்டு, இறங்கும்போது தெளிந்துபோவார்கள்.

அப்படி ஒருநாள் பகலில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், அஞ்சலகத்தில் வேலை, மதிய இடைவேளையில் ஓடிவந்ததாகச் சொன்னாள். லிஃப்டக்கா கைப்பிடியைத் திருகிவிட்டு, அவள் துணியை வாங்கி, விட்டுப்போன காலைப் போட்டுக் காட்டினாள். நத்தையின் தலை கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

"அடேயப்பா! எவ்ளோ சுலபமாப் போட்டுட்டீங்க. நீங்க சாயக்காகிட்டதான் கத்துக்கிட்டீங்களா?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்தக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வருடத்தில் லிஃப்டக்கா ஒருமுறைகூட அதை மீறியதில்லை. கைப்பிடியை நேராக்கினாள். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது.

"ஐயோ, என்னாச்சு? கரண்டு போயிடுச்சா?"

"கரண்டு இருக்கு. அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க."

அந்தப் பெண் மடக்குக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வலைக்கு அப்பால், ஒரு சாண் அகலத்தில், மேலே பெரணி. நடுவில் மஞ்சள் திட்டு. கீழே கறுத்து முடிகிற பச்சை. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் துணி. ஆறாவது மாடியில் யாரோ விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியே இருக்கே..." என்றாள். குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கண்ணால் துழாவிவிட்டுக் கேட்டாள்: "நத்தைய மட்டும் காணோமே?"

"அது சுவத்துல இல்லம்மா" என்று லிஃப்டக்கா கைப்பிடியைத் திருகினாள். "அது நான் பண்ணுன தப்பு."